மேட்ரனும் சேர்ந்து சொன்ன வாக்கியம்

வகுப்பில் நீங்கள் கையைத் தூக்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கிண்டல் இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். இலக்கணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். போனில் தட்டினால் பாடத்திட்டம், பயிற்சித்தாள், படம் எல்லாம் வந்து விழுகிறது. இந்தக் கை விஷயத்தை மட்டும் எந்த போனும் சொல்லித்தராது.

போன மாதம் நீங்கள் எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தியபோது நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். கேக்கை வெட்டியதோடு சரி. மற்றவர்களைப் பேச வைத்தே சம்பளம் வாங்கியவள், தன் முறை வந்ததும் பேந்தப் பேந்த விழித்தேன். அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் பொறுமையாகப் படிக்கவும். பழையவர்கள் 'இந்தக் கதைதானே' என்று சலித்துக்கொண்டே படிக்கவும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் மயிலாப்பூர்க்காரி. அப்பா, அத்தை, அக்கா என்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால் பாதிப் பேர் எங்களுக்கு குட்மார்னிங் சொல்வார்கள், மீதிப் பேர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல், தி. நகரில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நம் நிலையத்துக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்த வந்தேன். ஏதோ கொஞ்ச நாள் என்றுதான் வந்தேன். அந்தக் கொஞ்ச நாள் போன மாதம்தான் முடிந்தது.

நம் பாடத்திட்டத்தின் நடுவில் ஒரு பாடம் வரும். ஒருவர் ஒரு காரியத்தை இப்போது செய்வதைவிட இன்னும் வேகமாக, இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும் என்று சொல்லப் பழக்கும் பாடம். 'டு டிரைவ் மோர் ஸ்லோலி', 'டு கம் எர்லியர்', 'டு ரைட் மோர் நீட்லி'. புத்தகத்தில் பார்த்தால் கொட்டாவி வரும். ஒப்பீட்டு வினையடை என்று போர்டில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பாதி வகுப்பு வாட்ஸாப்பில் இருக்கும்.

அதே பாடத்தில் முன்னால் 'ஐ வான்ட்' போட்டு, நடுவில் தெரிந்த ஆள் ஒருவரை நிறுத்திப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். புடவைக்கடை விற்பனையாளர் ஒருவர், வாரக்கணக்கில் வாயே திறக்காதவர், எழுந்து நின்று சொன்னார்: 'ஐ வான்ட் த கஸ்டமர்ஸ் டு சூஸ் மோர் குவிக்லி.' கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண் சொன்னாள்: 'ஐ வான்ட் மை மதர் டு கிரை மோர் குவயட்லி.' அம்மா இன்னும் கொஞ்சம் சத்தமில்லாமல் அழுதால் தேவலை என்கிறாள். சிரிப்பதா, அவள் தலையைத் தடவிக்கொடுப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஆசிரியை, என்னைவிடப் பல வயது சின்னவர், இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். "மேடம், அது மனக்குறைப் பாடம். இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாமேன்னு எல்லாருக்கும் யார்மேலயாவது இருக்கும். அன்னிக்கு நீங்க கம்மியா பேசுங்க." எங்கள் வீட்டில் யாருக்கும் கம்மியாகப் பேசி வழக்கமில்லை. ஆனாலும் தலையாட்டிக்கொண்டேன்.

இனி ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். மெட்ரோ வேலைக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டு, பஸ்களைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாம்மாக்களுக்கும் செக்யூரிட்டிக்கும் கேன்டீன்காரர்களுக்கும் இங்கிலீஷ் சொல்லித்தர என்னை அனுப்பினார்கள். வெளிமாநில நோயாளிகள் நிறைய வந்துகொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிசியோதெரபி அறையில் வகுப்பு. நாற்காலி போதாத நாளில் யாராவது அந்தப் பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்கார்ந்து குதித்துக்கொண்டே பாடம் கேட்பார்கள்.

முதல் வாரம் ஒருவர் குரலும் எனக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் இல்லையா, கிசுகிசுவென்று பேசியே பழகியவர்கள். அதனால் இரண்டு வழக்கங்களைக் கொண்டுவந்தேன். ஒருவர் சரியாக ஒரு வாக்கியம் சொன்னால் யாரும் சொல்லாமலே எல்லோரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் கையைத் தூக்கினால் மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் பிரமாதமாகப் படிந்துவிட்டது. கதவில் 'சைலன்ஸ்' என்று பலகை தொங்கும், உள்ளே நாங்கள் கூரை அதிரக் கத்திக்கொண்டிருப்போம்.

அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் சத்தமாகப் பேசியவர் ஒரே ஒருவர்தான், நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மேல்மாடியில் நின்றபடியே கீழ்த்தளத்துக்கு உத்தரவு போடும் குரல் அவருக்கு. நோயாளிகளிடம் தங்கம். அம்மாவைப் போல நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். வேலைக்காரர்களிடம் வாயைத் திறந்தால் மட்டும் இடிதான். அவரும் என் வகுப்புக்கு வர ஆரம்பித்தார். "நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன், எப்படி நடக்குதுன்னு பாக்கத்தான்" என்று ஒரு ஃபைலோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாம் நாளே கவனித்தேன், வகுப்பு சேர்ந்து சொல்லும்போது மேட்ரனின் உதடும் அசைந்தது. வடக்கிலிருந்து வந்திருந்த புது டாக்டர்கள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளும்போது அவர் 'யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பதை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். எதற்கு வருகிறார் என்று புரிந்தது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. படிக்க வருகிறவர் என்ன சாக்கு சொல்லிக்கொண்டு வந்தாலும் வரட்டும், நாற்காலியைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பாருங்கள்.

வகுப்பில் மல்லிகா என்று ஓர் ஆயாம்மா. நாற்பது வயதிருக்கும். கட்டில் விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் மாற்றிவிட்டு வந்து, அதே சுறுசுறுப்போடு முன் வரிசையில் உட்காருவாள். ஆறு வருடமாக கான்டிராக்டில் இருந்தாள். ஒவ்வொரு வருடமும் மேட்ரன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம். அந்த முறை ஆளைக் குறைக்கப்போவதாகப் பேச்சு. சனிக்கிழமைக்குள் யார் யார் தேவை என்று மேட்ரன் முடிவு சொல்ல வேண்டும். மல்லிகாவின் புருஷனுக்கு உடம்பு முடியாமல் போய் ரொம்ப நாளாகிறது. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அந்தச் சம்பளம் நின்றால் வீடே நின்றுவிடும். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் தினமும் லேட்டாக வருகிறாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும், மேட்ரன் தினமும் சொல்வதால்.

மனக்குறைப் பாடத்தை அந்த வாரம் புதன்கிழமை வைத்தேன். புதன்கிழமை மேட்ரன் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போவார், வகுப்புக்கு வர மாட்டார். அதை யோசித்துத்தான் வைத்தேன், அவ்வளவு அசடு இல்லை நான். அன்றைக்குப் பார்த்து பெரிய டாக்டர் வரவில்லை, ரவுண்ட்ஸ் இல்லை. மேட்ரன் ஃபைலோடு வந்து தன் மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு உஷாராகிவிட்டது. 'ஐ வான்ட் மை சன் டு ஸ்டடி மோர் சீரியஸ்லி' என்றார் கேன்டீன்காரர். 'ஐ வான்ட் த விசிட்டர்ஸ் டு பார்க் மோர் கேர்ஃபுலி' என்றார் செக்யூரிட்டி அண்ணன். எல்லாம் பத்திரமான வாக்கியங்கள். அப்போதுதான் மல்லிகா வார்டு வேலையை முடித்துவிட்டு வேகமாக உள்ளே வந்தாள். பின்னால் திரும்பியே பார்க்கவில்லை. நேராக முன் வரிசை. முகம் கன்றிப் போயிருந்தது. அன்று காலை நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே மேட்ரன் அவளைக் கிழி கிழியென்று கிழித்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது. உட்கார்ந்த உடனே எழுந்து, "மிஸ், நா சொல்றேன்" என்றாள்.

நான் தலையசைத்தேன்.

'ஐ வான்ட் அவர் மேட்ரன் டு டாக் டு அஸ் மோர் ஸாஃப்ட்லி.'

ஒரு பிசிறில்லை. அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவள் அதுவரை சொன்னதே கிடையாது. சரியான வாக்கியம் காதில் விழுந்தால் அந்த வகுப்பு என்ன செய்யும் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே. மூளை தடுப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. முழு வகுப்பும் ஒரே குரலில், 'ஐ வான்ட் அவர் மேட்ரன்' என்று ஆரம்பித்துவிட்டது. பாதியில் சிலருக்கு உறைத்து, 'டு டாக்...' என்று குரல் இறங்கியது.  நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வராமல், பதற்றத்தில் கையைத் தூக்கினேன்.

கையைத் தூக்கினால் இன்னும் சத்தமாக. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், அதுவும் தொண்டை கிழிய. நான் அடுத்த கையையும் தூக்கித் தொலைத்தேன். பந்தின்மேல் உட்கார்ந்திருந்த பெண், ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வார்த்தையாகச் சொன்னாள். அந்தக் கூட்டுக்குரலுக்குள், மூலையிலிருந்து, எல்லோரையும்விடக் கனமான ஒரு குரல் கேட்டது. மேட்ரன். கண் ஃபைலில் இருக்க, வாய் வழக்கப்படி வகுப்போடு சேர்ந்து, மேட்ரன் இன்னும் மென்மையாகப் பேச வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே கேட்டது போலிருக்கிறது. ஃபைலை மூடினார். மல்லிகா திரும்பிப் பார்த்தாள். அவள் கை நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தது. கதவில் தொங்கிய பலகைக்கு முதல்முறையாக மரியாதை கிடைத்தது.

இப்போது யோசியுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்குத் தோன்றியதையெல்லாம் சொல்கிறேன். இது வெறும் உதாரண வாக்கியம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லலாம். 'மோர்' என்றால் ஏற்கெனவே மென்மையாகத்தான் பேசுகிறார், இன்னும் கொஞ்சம் என்றுதான் பொருள் என்று வாத்தியார்த்தனமாகச் சமாளிக்கலாம். நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மூன்றுமே நாக்கின் நுனிவரை வந்தன. மல்லிகாவைப் பார்த்தேன். தன் வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொரு மொழியில் ஓர் உண்மையை முழுசாகச் சொன்ன பெண்ணின் வாக்கியத்தை, சொன்னவுடனே நானே பொய் என்று சொல்வதா? எனக்குக் கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

இன்னொன்றும் மனதில் ஓடியது. மேட்ரன் இந்த அறைக்குள் அதிகாரியாக இருந்தால் மல்லிகாவுக்கு வேலை போய்விடும். மாணவியாக இருந்தால் ஒருவேளை பிழைக்கும். இத்தனை நாளாக மூலையில் உட்கார்ந்து அவர் மாணவியாகத்தான் இருந்தார், யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"அடுத்தது மேடம் சொல்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலையும் சேர்ந்து போனது என்றுதான் நினைத்தேன். எழுந்தார். கதவுப் பக்கம் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் திரும்பாமல், மல்லிகாவைப் பார்த்தே மெல்ல மெல்லச் சொன்னார்:

'ஐ வான்ட் மல்லிகா டு கம் எர்லியர்.'

சரியான வாக்கியம்தான். ஆனால் ஒரு வாய் திறக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது மல்லிகா, நின்ற இடத்திலிருந்தே, ஆரம்பித்தாள். 'ஐ வான்ட் மல்லிகா டு கம் எர்லியர்.' தன் பெயரைத் தானே சொல்லி, தன்மேல் சொன்ன குறையை வகுப்புக்கு எடுத்துக்கொடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சொல்லி முடித்ததும் என்னிடம் கேட்டாள்.

"மிஸ், இன்னொன்னு சொல்லட்டா?"

"சொல்லும்மா."

'ஐ வான்ட் த பஸ் டு கம் எர்லியர்.'

அதற்கு நான் கையைத் தூக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பஸ்ஸில் வருகிறவர்கள். அடிவயிற்றிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒரு நோயாளியின் மகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கியதும் மேட்ரன் தமிழில் கேட்டார்.

"சைதாப்பேட்டையில இருந்து இங்க வர பஸ்சுக்கு அவ்ளோ நேரமா?"

"சைதாப்பேட்டையா? அது அப்போ மேடம். ஆத்தாண்ட இருந்தப்போ. கவர்மெண்ட்டுல ஊட்ட இட்ச்சி எங்கள பெரும்பாக்கத்துல போட்டாங்கல்ல. அங்கருந்து ரெண்டு பஸ்சு மாறி வந்துகினு கீறேன்."

"எப்போ போனீங்க?"

"மூணு வருசம் ஆவுது மேடம்."

"என்கிட்ட சொல்லலையே."

மல்லிகா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கேக்கல மேடம். லேட்டுன்னு மட்டுந்தான் சொன்னீங்கோ. நா இன்னான்னு சொல்றது."

எதிர்த்துப் பேசும் தொனி அதில் துளியும் இல்லை, உள்ளதைச் சொன்னாள். மேட்ரன் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அன்றைக்கு மேற்கொண்டு ஒரு வரியும் நடத்தவில்லை. நடத்தியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்?

வியாழக்கிழமை அவர் நாற்காலி காலி. வெள்ளிக்கிழமையும் காலி. மல்லிகா இரண்டு நாளும் வந்தாள், ஆனால் முன் வரிசையில் உட்காரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்பதா, தைரியம் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கேன்டீன்காரர் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "மிஸ், நீங்க மேடத்த கூப்ட்டிருக்கக் கூடாது" என்றார். செக்யூரிட்டி அண்ணன், "கூப்ட்டதுதான் சரி" என்றார். இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கமில்லை. சரியான முடிவு எடுத்தவர்களுக்கு நிம்மதி வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.  பிழைப்பு இன்னொருத்தியுடையது, துணிச்சல் மட்டும் என்னுடையது என்ற நினைப்பு என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது. ஆனாலும் மயிலாப்பூர் லஸ்ஸில் காய்கறி வாங்கப் போனவள், பையோடு அடையாறு பஸ் ஏறிவிட்டேன். வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக மேட்ரன் அறைக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நேரே படியிறங்கிப் போனாள், அவளைக் கூப்பிடக்கூட எனக்கு மனம் வரவில்லை. மல்லிகாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

மற்றவர்களுக்கு ஆனதைவிட அவளுக்கு நேரமானது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து எப்போதும் வராந்தா முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் அன்று கேட்கவே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பையில் இருந்த முருங்கைக்காயை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. மல்லிகா வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"என்னம்மா ஆச்சு? கையெழுத்துப் போட்டாங்களா?"

"உக்கார சொன்னாங்க மிஸ்."

"அது இருக்கட்டும், கையெழுத்து?"

"அதும் ஆச்சு. டூட்டியும் லேட்டா மாத்திக் குட்த்துட்டாங்க," என்றாள், யாருடைய விஷயத்தையோ சொல்வது போல. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வருசமா அந்த ரூமுக்குப் போய்க்கினு வந்துகினு கீறேன். நின்னுகினேதான் பதில் சொல்லுவேன். இன்னிக்கு நாக்காலிய இஸ்த்துப் போட்டு, உக்காரு மல்லிகான்னாங்க மிஸ்."